செவ்வாய் இரவு வரை

சால்ட்டோவில் ஆறு திடீரென்று வராது.
உருகுவாய் ஆற்றுக்கு அந்த மரியாதை உண்டு.
கிடங்குச் சுவரில் மஞ்சள் வண்ணத்தில் கோடுகள்:
இந்தக் கோடு வரை வந்தால் பெட்டிகளை நகர்த்து,
அதற்கு மேல் வந்தால் லாரிகளை.
சர்வர் அறைக்கு மட்டும் கோடு கிடையாது.
அது பழம் கழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது,
குளிர்ச்சியாக இருக்குமே என்று யாரோ வைத்தது.

ஆரஞ்சு கம்பெனி என்னை வரவழைத்தது
இல்லாத அந்தக் கோட்டை வரையத்தான்.

தலைக்குமேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
என் பிழைப்போ
சாணுக்கு எவ்வளவு செலவு,
முழத்துக்கு எவ்வளவு
என்று கணக்கு எழுதிக்கொடுப்பது.

ஒவ்வொரு மேசையிலும் ஒரே கேள்வி கேட்டேன்:
எவ்வளவு நேரத்தை இழந்தால் தாங்குவீர்கள்?
"ஒரு நிமிடம்கூட முடியாது" என்றார் கணக்குப் பிரிவின் நெலிடா.
விலையைச் சொன்னேன்.
"சரி, ஒரு நாள்."
ஏற்றுமதிக்காரர் கேட்டார்:
"கப்பல் இருக்கும் நாளா, இல்லாத நாளா?"
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வில்மார் டெச்சேராவை
யாரும் கேட்கச் சொல்லவில்லை.
கதவில் சாய்ந்து மாத்தே உறிஞ்சியபடி அவராகவே சொன்னார்:
"வியாழக்கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள்.
எனக்கு அன்று இரவு ஷிஃப்ட்."

மூன்று பிரதிகள் என்று முடிவானது.
ஒன்று இங்கேயே.
ஒன்று இரவுதோறும் மொந்தெவிதியோவுக்குக் கம்பி வழியே.
மூன்றாவது, செவ்வாய்க்குச் செவ்வாய்,
மேட்டுத் தெருவில் ஒடிலாவின்
எரியாத அடுப்புக்குள்.
இதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலையில் ஒரு புதன்.
மதியம் வில்மார் வீட்டில், காலணி மாட்டிக்கொண்டிருக்கும்போதே,
மாரடைப்பு.
நாலரை மணிக்கு ஆள்பிரிவு அவர் பெயருக்கு எதிரே
செய்ய வேண்டியதைச் செய்தது.
ஏழு மணிக்கு ஆறு கடைசி மஞ்சள் கோட்டைத் தாண்டியது.
இரவு சர்வர் அறையில்
ஆரஞ்சுகள் மிதந்தன.

மொந்தெவிதியோவைக் கேட்டோம்.
இரண்டு மாதமாக இரவுதோறும்
"வெற்றி" என்று செய்தி அனுப்பியிருந்தது அது.
வெற்றியைத் திறந்து பார்த்தோம்:
பூஜ்ஜியம் பைட்.
நானும்தான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.
இதை அறிக்கையில் எழுதினேன், சின்ன எழுத்தில் அல்ல.

மிச்சம் அடுப்பு.

சனிக்கிழமை, மேட்டுப் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில்,
முழங்கால் இடிக்கும் பெஞ்சுகளில் உட்கார்ந்து,
இரவல் வாங்கிய இயந்திரத்தில் மீட்டோம்.
பதினொரு மணி நேரம்.
திரை எழுந்ததும் யாரோ கைதட்டினார்கள்.
பிரிண்டர் தானாகவே, பழைய கட்டளையின்படி,
வாரப் பட்டியலைத் துப்பியது.

வியாழன். இரவு ஷிஃப்ட்.
டெச்சேரா, வில்மார்.

தண்ணீர் வடிந்துகொண்டிருந்த ஊரில்
எங்கள் இயந்திரம் மட்டும்
இன்னும் செவ்வாய் இரவில் இருந்தது.
அதில் அவருக்கு ஒன்பது நாள் விடுப்பு பாக்கி.
அதில் அவர் கையுறை கேட்டிருந்தார், பெரிய அளவு.

புதன்கிழமையை மறுபடி கையால் ஏற்ற வேண்டும்.
நனைந்த ரசீதுகளைக் கரும்பலகைக்குக் கீழே காயப்போட்டு
நெலிடா தட்டினாள்:
நாற்பத்தொரு லாரி,
திருப்பிய சுமை இரண்டு,
டீசல், மெழுகு, அட்டைப்பெட்டி.
எல்லாம் முடிந்தது.
ஒரு வரி மிச்சம்.
விரல் விசைக்கு மேலே நின்றது.
காபி குடித்தாள். சன்னலைச் சாத்தினாள்.
"நேற்றுதானே அடக்கம் செய்தோம்" என்றாள்,
என்னிடம் இல்லை.
ஒடிலா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
யார் அழுத்தியது என்று நான் பார்க்கவில்லை.

புதிய திட்டத்தில்
சர்வர் அறை மாடிக்குப் போகிறது.
மாதம் ஒருமுறை பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும்.
கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
இழந்த நாளை மீண்டும் பதிவுசெய்ய
இரண்டு பேர். ஒருவர் போதாது.

காரணம் கேட்கும் கட்டத்தில்
"சரிபார்ப்பு" என்று எழுதிவைத்தேன்.